ஔவைக்கு ஏன் நரைத்தது?

தனியாக இருப்பதில் என்ன லாபம் என்று போன மாதம் ஒரு தோழர் என்னைக் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே பட்டியல் போட்டுவிட்டார்: "அப்பா அம்மாவைக் கடைசிவரைக்கும் பாத்துக்கலாம். ராத்திரி கூட்டம்னாலும் கேக்க ஆளில்ல. இயக்கத்துக்கு முழுநேரமா உழைக்கலாம்." கல்யாணம் செய்துகொள்ளாமல் ஐம்பத்து நான்கு வயதை எட்டியிருக்கும் எனக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல. இதில் உள்ள நன்மையெல்லாம் யாருக்கு என்பதுதான் உறுத்தியது. என் நேரத்துக்குச் சொந்தம் கொண்டாட ஒரு கணவன் இல்லை. ஆகவே அது பொதுச்சொத்து. அப்படித்தானே?

தனித்த பெண்களுக்குத் தமிழ் மரபில் பஞ்சமில்லை. கொண்டாடவும் செய்கிறோம். ஆனால் ஒவ்வொருத்தியும் அதற்கு விலை கொடுத்திருக்கிறாள். கல்யாணப் பேச்சு எழுந்ததும் பிள்ளையாரிடம் வேண்டி ஒரு நொடியில் கிழவியாகிறாள் ஔவை. 1953இல் ஜெமினி எடுத்த படம் இந்தக் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. காரைக்கால் புனிதவதி, கணவன் விலகிப்போய் வேறொருத்தியை மணந்துகொண்டான் என்று தெரிந்ததும், உடம்பின் அழகை உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்குகிறாள். உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் உருவத்துக்குள் ஒளிந்துகொள்கிறாள். கடைசியில் முழுத் துறவு. கிழவி, பேய், பிக்குணி. ஆணின் பார்வையிலிருந்து உடம்பை அப்புறப்படுத்திவிட்டால் தனியாக நடமாட அனுமதி உண்டு. இந்தக் கதையாடல்களுக்குள் ஓடுகிற சட்டம் இதுதான்.

சங்கப் பாடல்களின் ஔவை இதற்குக் கட்டுப்பட்டவளல்ல. அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதைப் பாடியவள். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள். இன்குலாப் தமது 'ஔவை' நாடகத்தில் அந்த இளம் பாடினியைத்தான் மீட்டுக்கொண்டுவந்தார். பல ஔவைகள் ஒரே கிழவியாகக் கலந்துபோனதைப் பெயர்க்குழப்பம் என்று சொல்லிவிடலாம். வெறும் குழப்பம்தானா? அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவளுக்கும் நரை போட்டுத்தானே இன்றுவரை படம் வரைகிறோம்.

தனித்த பெண்ணின் உடம்பைக் கண்டு ஏன் இவ்வளவு பயம்? அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. சாதியின் சாரம் அகமணம். அகமணம் நிற்க வேண்டுமானால் சாதிக்குள் ஆண் பெண் கணக்கு சரியாக இருக்க வேண்டும். கணவன் செத்ததும் மனைவி 'உபரி' ஆகிறாள். அவள் வெளியே போய்விட்டால் கணக்கு உடையும். அவளை எரிப்பது ஒரு வழி, கட்டாயக் கைம்மையில் வைப்பது இன்னொரு வழி.

இந்த வாசிப்பு என்னைப் போன்றவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. தனிமை தன்னளவில் விடுதலை ஆகாது. மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கப்பட்டவளும் தனியாகத்தான் இருந்தாள். சாதி விதித்த தனிமையும் சாதிக்குப் பிள்ளை பெற்றுத்தர மறுக்கும் தனிமையும் ஒன்றல்ல. கல்யாணம் செய்துகொள்ளாததாலேயே சாதியைத் தாண்டிவிட்டேன் என்று நான் பெருமையடிக்கவும் முடியாது. சாதி மறுத்து மணந்து வெட்டுப்பட்டவர்கள் கொடுத்த விலையை நான் கொடுக்கவில்லை. மாதச் சம்பளம் மட்டும் இல்லாவிட்டால் என் மறுப்பு எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அரசு என்ன செய்கிறது? பெண்களுக்காகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989இல் கொண்டுவந்தது திருமண உதவித் திட்டம். அது உயர்கல்விக்கான திட்டமாக மாற 2022 வரை ஆயிற்று. மணமாகாத ஏழைப் பெண்ணுக்கு ஓய்வூதியம் உண்டு, ஐம்பது வயது ஆனால். அரசுக்கும் நரை தேவைப்படுகிறது! 2021ஆம் ஆண்டின் வாடகைத்தாய்ச் சட்டம் தனித்த பெண்களில் விதவையையும் மணமுறிவு பெற்றவளையும் ஏற்கிறது. மணமே செய்யாதவளை ஏற்கவில்லை. ஒருமுறையாவது மணவறைக்குப் போய்வந்திருக்க வேண்டும்.

வாடகைக்கு வீடு தேடிய காலத்தில் "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்பதுதான் முதல் கேள்வி. சாதி அதற்கு அடுத்து. நாற்பத்தேழு வயதில் தலைக்கு டை அடிப்பதை நிறுத்தினேன். அந்த வருஷமே சாவி கிடைத்தது. ஔவைக்கு ஏன் நரைத்தது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

நமது இயக்கங்கள் மட்டும் என்ன? கல்யாணமே வேண்டாம் என்றும் பேசியவர் பெரியார். நாம் சடங்கை மாற்றினோம், தாலியை விட்டோம். அதெல்லாம் சின்ன காரியமில்லை. ஆனால் கல்யாணமே செய்துகொள்ளாதவளுக்கு என்ன இடம் என்று யோசித்தோமா? "தோழருக்குக் குடும்பம் இல்ல, அவங்க போகட்டும்" என்று வெளியூர் வேலைகளை ஒதுக்குகிறோம். கூட்டம் முடிந்து எல்லாரும் பஸ் பிடிக்க ஓடியபிறகு பாயைச் சுருட்டவும் டீ டம்ளர் கழுவவும் மிஞ்சுகிறவர் யார் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மரபு தனித்தவளைத் துறவியாக்கியது. நாம் அவளைத் தியாகியாக்குகிறோம். இரண்டிலும் அவளுக்கென்று ஓர் ஆசை இருக்கக்கூடாது.

தோழருக்கு நான் அன்று சொல்லாத பதில் இது. லாபம் இருக்கிறது. போன ஞாயிறு மத்தியானம் பழைய சோற்றைத் தின்றுவிட்டு, ஜன்னலோரம் பாயை விரித்து நாலு மணிவரை படுத்துக்கிடந்தேன். தூங்கவில்லை, படிக்கவில்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அந்த நேரத்துக்கு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை யாரும் தவம் என்று வணங்க வேண்டாம். சுயநலம் என்று திட்டினால் திட்டிக்கொள்ளட்டும். கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்கும் இந்த மத்தியானம் கிடைக்க வேண்டும். அதற்கான அரசியலைப் பேசுவோம், வருகிறேன்.

ஆனால் அடுத்த கூட்டத்தில் டம்ளர் கழுவ வேறு ஆள் பாருங்கள், தோழர். குடும்பஸ்தராகவே பாருங்கள்.