அன்றாடப் பேச்சில் மிகைக்கூற்று: சமூகவியல் நோக்கில் ஒரு குறிப்பு

தண்டியலங்காரம் 'அதிசயம்' என்றும் பிற்காலத்தார் 'உயர்வு நவிற்சி' என்றும் வழங்கிய கூற்றுமுறை புலவர்க்கு மட்டுமே உரியதன்று. செய்யுளிற் காண்பதிலும் பார்க்க அதிகமாக அதனை அடுப்படியிலும் சந்தையிலும் கேட்கலாம். "ஆயிரந்தரம் சொல்லிப்போட்டன்" என்று ஏசும் தாய் கணக்குச் சொல்லவில்லை என்பதை மகன் அறிவான். "கொன்றுபோடுவன்" என்று அவள் தொடரும்போது அவன் உயிருக்கு அஞ்சுவதுமில்லை. சொல்லுக்குச் சொல் நம்பப்படமாட்டாது என்பதை இருவருமே அறிந்திருப்பதுதான் மிகைக்கூற்றைப் பொய்யினின்றும் வேறுபடுத்துகின்றது. எனவே அதன் பொருள் அகராதியில் இல்லை. பேசுவோருக்கும் கேட்போருக்கும் இடையிலான உறவிலேயே அது தங்கியுள்ளது.

இவ்வுறவை வெறும் உளவியலாகக் கொள்ளும் போக்கு நம் மொழியாய்வாளர் சிலரிடம் உண்டு. அது போதாது. யார், யாரிடம், எதன்பொருட்டு மிகைப்படுத்துகின்றார் என்ற வினா அங்கு எழுப்பப்படுவதில்லை. குத்தகைக்குக் காணி செய்பவன் காணிக்காரரிடம் "ஐயாதான் எங்களுக்குத் தெய்வம்" என்கிறான். அவர் "பாப்பம்" என்கிறார். சொற்சிக்கனம் அவருக்குக் கட்டுப்படியாகும்; உற்பத்தி உறவு அவர் பக்கம் நிற்கின்றது. உள்ளதை உள்ளபடி சொன்னாற் கேட்கமாட்டார்கள் என்பதைத் தலைமுறை அனுபவத்தால் அறிந்தவனோ பாதியைக் கழித்தே கேட்கும் செவிக்கு இரட்டிப்பாகச் சொல்கிறான். பின்னர் அதனையே சான்றாகக் கொண்டு, "இந்தச் சனம் எதையும் கூட்டித்தான் சொல்லும்" என்று படித்தோர் முடிவுகட்டுகின்றனர். (ஐம்பது பேர் கூடிய கூட்டத்தை 'மாபெரும் மக்கள் எழுச்சி' என எழுதிய முற்போக்காளராகிய நாமும் இவ்விடயத்திற் சுத்தமானவர்கள் அல்லர்.)

இம்முடிவின் பாரதூரத்தை 2009 உணர்த்திற்று. பால் திரைந்தாலும் பஸ் தவறினாலும் "எல்லாம் போச்சுது" என்பது நம் வழக்கு. வன்னியிலிருந்து முள்வேலி முகாம்களுக்கு வந்தோரும் அதே இரண்டு சொற்களைத்தான் சொன்னார்கள். வேறு சொல் மொழியில் இருக்கவில்லை. அங்கே அது மிகைக்கூற்றன்று. ஆயினும் மிகை என்று கேட்டுப் பழகிய செவிக்கு இவ்வேறுபாடு எளிதில் எட்டுவதில்லை. பதிவேட்டில் 'எல்லாம்' என்பதற்கு நிரல் கிடையாது.

இதற்கு மறுதலையான கூற்றுமுறையும் உண்டு. 2009இன் தொடக்கத்தில், போர்ப் பகுதியில் எஞ்சியிருந்த பொதுமக்கள் சுமார் 70,000 பேரே என அரசு கூறியது. போர் முடிந்தபின் முகாம்களில் இருந்தோர் 2,80,000க்கும் மேல். குறைத்துக் கூறுதல் அடக்கமாகத் தோன்றும். இலக்கத்தில் வரும்போது அறிவியலாகவும் தோன்றும். ஆகவே அதனை அணி என்று எவரும் ஐயுறுவதில்லை. உள்ளே இருந்தவர்கள் தாம் அதனிலும் பன்மடங்கினர் என்று சொன்னபோது அதுவே மிகைக்கூற்றாக எண்ணப்பட்டது. அக்குறைந்த எண்ணிக்கைக்கும் அங்கு அனுப்பப்பட்ட உணவு, மருந்து ஆகியவற்றின் போதாமைக்கும் இருந்த தொடர்பினை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியுள்ளது.