ரகசியக் கதவுக்கு வெளியே: ஒரு மதுவிலக்குக் கண்காட்சியும் அதன் கூட்டாளிகளும்

மதுவிலக்குக் காலத்தைப் பற்றி ஒரு அருங்காட்சியகம் கண்காட்சி வைக்கிறது. அதை ஊருக்குள் கொண்டுசேர்க்க யாரோடு கூட்டு சேரும்? பெரும்பாலும் மதுக்கூடங்களோடும் ஹோட்டல்களோடும் சாராயம் வடிக்கும் சிறு நிறுவனங்களோடும்தான். நுழைவுச் சீட்டைக் காட்டினால் காக்டெயிலுக்குத் தள்ளுபடி. 1920களின் உடையில் வந்தால் தனி மரியாதை. கடவுச்சொல் சொன்னால் திறக்கும் கதவு. டிசம்பர் 5 வந்தா ‘ரத்து நாள்’ விருந்து. அமெரிக்க நகரங்களில் இது கிட்டத்தட்ட ஒரு அச்சு மாதிரி ஆகிவிட்டது. ஊர் மட்டும்தான் மாறுது.

இதில் ஒழுக்கக் கேடு எதையும் நான் பார்க்கவில்லை. குடிக்கிறவர் குடிக்கட்டும். என் கேள்வி வேற. கண்காட்சியின் சுவருக்குள் ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. சுவருக்கு வெளியே, கூட்டாளிகளின் விளம்பரங்களில், இன்னொன்று சொல்லப்படுகிறது. உள்ளே போகிறவர் சில ஆயிரம் பேர் என்றால் வெளியே இருப்பதைப் பார்ப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. அப்போ ஊர் நினைவில் தங்குவது எது?

கண்காட்சி நல்ல கண்காட்சிதான்

நான் மனதில் வைத்துப் பேசுவது ‘அமெரிக்கன் ஸ்பிரிட்ஸ்: மதுவிலக்கின் எழுச்சியும் வீழ்ச்சியும்’ என்ற கண்காட்சியை. 2012 அக்டோபரில் பிலடெல்பியாவின் தேசிய அரசியலமைப்பு மையத்தில் தொடங்கியது. பிறகு செயின்ட் பால், செயின்ட் லூயிஸ், சியாட்டில் என்று ஊர் ஊராகப் போனது. பொறுப்பாளர் டேனியல் ஒக்ரென்ட். மதுவிலக்கைப் பற்றி ‘லாஸ்ட் கால்’ என்ற தடித்த புத்தகத்தை 2010இல் எழுதியவர். விஷயம் தெரிந்த ஆள்.

அதனால் உள்ளே சரக்கு இருந்தது. குடி எவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்தது என்பதில் தொடங்குகிறார்கள். 1830 வாக்கில் வயதுவந்த ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 7 காலன் சுத்த ஆல்கஹால் குடித்தார் என்பது வரலாற்றாசிரியர்கள் ஏற்கும் கணக்கு. இன்றைய அளவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. சம்பளம் சலூனில் தீர்ந்துபோன வீடுகளின் பெண்கள்தான் இயக்கத்தின் முதுகெலும்பு. (இந்தச் சலூன் நம்மூரில் முடி வெட்டுகிற இடம் இல்லை, மதுக்கடை.) அதை அடித்து நொறுக்கக் கேரி நேஷன் தூக்கிய கைக்கோடரி அங்கே இருந்தது. சலூன் எதிர்ப்பு லீகின் மூளையான வேய்ன் வீலர் பெயரில், திருவிழா ராட்டினம் மாதிரி ஒரு பெரிய இயந்திரம். வருமான வரி, பெண்களுக்கு வாக்குரிமை, முதல் உலகப்போர், ஜெர்மானியர் மீதான வெறுப்பு எல்லாம் ஒன்றோடொன்று பல்சக்கரமாகச் சுழன்று 18ஆவது திருத்தம் எப்படி வெளியே வந்தது என்று காட்டுவதற்கு. சிக்கலான அரசியலை இவ்வளவு எளிதாக விளக்கிய ஒரு காட்சிப்பொருளுக்காகவே அந்த மையத்தைப் பாராட்டலாம்.

அதே கண்காட்சியில் ஒரு ரகசிய மதுக்கூடமும் கட்டியிருந்தார்கள். ‘ஸ்பீக்ஈஸி’. அங்கே சார்ல்ஸ்டன் நடனம் ஆடிப் பார்க்கலாம். குற்றவாளிகள் வரிசையில் அல் கபோன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கலாம். மொத்தக் கண்காட்சியில் இது ஒரு பகுதி மட்டும்தான். ஆனால் வெளியே இருக்கும் கூட்டாளிகள் எடுத்துக்கொள்வது இதை மட்டும்தான். வீலரின் இயந்திரத்தை எந்த மதுக்கூடம் மெனுவில் போட முடியும், சொல்லுங்கள்?

மெனுவில் ஏறாத விஷயங்கள்

முதலில் அந்தக் காக்டெயிலையே எடுத்துக்குவோம். ‘மதுவிலக்குக் காலக் காக்டெயில்’ என்று விற்கப்படுகிற கைநேர்த்தி அந்தக் காலத்துக்கு உரியதே இல்லை. அமெரிக்கக் காக்டெயில் கலை தழைத்தது 1920க்கு முன்னால். ஜெர்ரி தாமஸின் கையேடு வந்தது 1862இல். மதுவிலக்கு வந்ததும் நல்ல கலைஞர்கள் பலர் நாட்டைவிட்டே போனார்கள். ஹாரி க்ராடக் லண்டன் சவாய் ஹோட்டலுக்குப் போய், 1930இல் அங்கிருந்துதான் தன் புகழ்பெற்ற காக்டெயில் புத்தகத்தை வெளியிட்டார். உள்ளூரில் மிஞ்சியது பெரும்பாலும் மட்டமான சாராயம். எலுமிச்சையும் தேனும் சர்க்கரையும் அதன் நாற்றத்தை மறைக்க.

நாற்றத்தோடு போயிருந்தாப் பரவாயில்லை. தொழிற்சாலை எரிசாராயத்தைக் குடிக்காமல் தடுக்க அரசாங்கமே அதில் விஷப்பொருள் கலக்கச் சொல்லியிருந்தது. 1926 முடிந்து 1927 பிறக்கும்போது மெத்தனால் அளவை உயர்த்தச் சொல்லி விதி. அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் மருத்துவமனைகளில் ஆட்கள் செத்து விழுந்தார்கள். நகரத் தலைமை மருத்துவ ஆய்வாளர் சார்லஸ் நாரிஸ் அரசாங்கத்தைப் பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார். சாகிறவர்கள் நல்ல சரக்கு வாங்க வழியில்லாதவர்கள் என்பதையும் சொன்னார். 1930இல் இன்னொன்று: மருந்து என்ற பெயரில் விற்ற ‘ஜமைக்கா இஞ்சி’ச் சாற்றில் கலந்த ஒரு வேதிப்பொருளால் பல்லாயிரம் பேருக்குக் கால் முடங்கியது. பெரும்பாலோர் தென்மாநில ஏழைகள். மெத்தனால் என்ற சொல்லைச் செய்தித்தாளில் பார்த்துப் பழகிப்போன நமக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம்.

அடுத்தது சிறை. 1929இன் ஜோன்ஸ் சட்டம் மதுக்குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையை 5 ஆண்டு, 10,000 டாலர் என்று ஏற்றியது. மிச்சிகனில் பத்துப் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு, நாலாவது முறை பிடிபட்டார் என்று, 1928 கடைசியில் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள், பின்னால்தான் குறைத்தார்கள். பிடிபட்டவர்களில் கபோன் மாதிரி ஆட்கள் எத்தனை பேர், இந்தத் தாய் மாதிரி ஆட்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். படம் எடுத்துக்கொள்ள கபோனைத்தான் வைக்கிறோம்.

மூன்றாவது, ‘மதுவிலக்கால எல்லாரும் இன்னும் அதிகமாத்தான் குடிச்சாங்க’ என்ற நம்பிக்கை. இந்த மாதிரி விருந்துகளின் மொத்த உற்சாகமும் அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் ஆய்வாளர்கள் சொல்வது வேறு. ஆரம்ப ஆண்டுகளில் குடி வெகுவாகக் குறைந்தது. பிறகு மெல்ல ஏறியது. ரத்தான பிறகும் பழைய அளவைத் தொடப் பல பத்தாண்டுகள் ஆயின. கல்லீரல் நோய்ச் சாவும் இறங்கியது. சட்டம் தோற்றது உண்மை. ஊழலாலும், வன்முறையாலும், யார்மேல் பாய்ந்தது என்பதாலும் அது தோற்றது. குடி ஒரு பிரச்சினையே இல்லை என்பதால் தோற்கவில்லை. கூட்டாளிகளின் விளம்பரத்தில் அந்தப் பெண்கள் வெறும் முசுடுகள் ஆகிவிடுகிறார்கள்.

யாரைத் தொட்டால் வேலை போகும்

பிலடெல்பியாவுக்கே சொந்தமான ஒரு கதை இருக்கு. 1924 தொடக்கத்தில் நகரின் பொதுப் பாதுகாப்புத் தலைவராக ஸ்மெட்லி பட்லர் என்ற கடற்படைவீரர் தளபதியைக் கொண்டுவந்தார்கள். மனுஷன் வந்தவுடன் மதுக்கூடங்கள்மேல் சோதனைமேல் சோதனை. தொழிலாளர் தெருக்களில் பூட்டுப் போட்டபோது கைதட்டினார்கள். ரிட்ஸ்-கார்ல்டன் மாதிரிப் பணக்காரர்கள் கூடும் ஹோட்டல்கள் பக்கம் திரும்பியதும் நிலைமை மாறிப்போச்சு. 1925 முடிவதற்குள் பதவி போனது.

மதுவிலக்கு யாருக்குச் சட்டம், யாருக்கு விளையாட்டு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சம்பவம் எனக்குத் தெரியாது. நல்ல ஹோட்டலின் மதுக்கூடத்தில் நடக்கும் ‘சோதனை வருது, ஓடுங்க’ வகை விருந்து இந்தக் கதையைத் தலைகீழாக்குகிறது. நிஜத்தில் அங்கே சோதனை வந்தபோது ஓடவேண்டியிருந்தது சோதனை போட்டவர்.

கூட்டாளியும் வரலாற்றுக்குள் இருக்கிறார்

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். சலூன்களைப் பெண்கள் அவ்வளவு வெறுத்ததற்கு ஒரு வணிகக் காரணம் உண்டு. பல சலூன்கள் பீர் ஆலைகளின் கைப்பிடியில் இருந்தன. உரிமக் கட்டணம், நாற்காலி மேசை, கண்ணாடி எல்லாம் ஆலை கொடுக்கும். பதிலுக்குக் கடைக்காரர் அந்த ஆலையின் பீரை மட்டும் விற்கணும், நிறைய விற்கணும். உப்பும் காரமுமாய் இலவசச் சாப்பாடு போட்டது தாகம் எடுக்கத்தான். ஆக, மதுவிலக்கைக் கொண்டுவந்ததே ஒரு வகையில் உள்ளூர் வணிகக் கூட்டு!

அதனால்தான் 1933இல் 21ஆவது திருத்தம் வந்தபிறகு, தயாரிப்பவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் மூவரும் தனித்தனியாக இருக்கணும் என்று மாநிலங்கள் விதி செய்தன. பென்சில்வேனியா இன்னும் ஒரு படி மேலே போனது. மதுவை விரும்பாத ஆளுநர் கிஃபர்ட் பின்ஷோ, ரத்துக்குச் சில நாள் முன்னால் மாநில மதுக் கட்டுப்பாட்டு வாரியத்தை உருவாக்கினார். வாங்குவது சிரமமாக இருக்கட்டும் என்பதே அவர் எண்ணம். இன்றும் பிலடெல்பியாவில் ஒரு மதுக்கூடம் விஸ்கி வாங்குவது பெரும்பாலும் அந்த அரசு வாரியத்திடம்தான். டாஸ்மாக் பார்த்த கண்ணுக்கு இது வியப்பாக இருக்காது. ஆனால் கடவுச்சொல் சொல்லி உள்ளே போய் உட்காருகிற வாடிக்கையாளருக்கு, அவர் கையில் இருக்கும் கோப்பையே மதுவிலக்கின் நேரடி வாரிசு என்று யாரும் சொல்வதில்லை. விளக்கு, இசை, உடை எல்லாம் போலி. அந்த அரசுக் கொள்முதல் ரசீது மட்டும்தான் அசல். அதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம்.

சரி, வேற யார் இருக்காங்க?

அருங்காட்சியகங்களுக்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். ‘கூட்டே வேண்டாம்’ என்று சொல்வது வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு ரொம்ப எளிது. கூட்டாளிகளை விரிக்கலாமே என்பதுதான் என் வாதம். பிலடெல்பியாவில் அதற்குப் பஞ்சமே இல்லை.

சாராயத்தின் கேடுகளைப் பற்றி 1784இல் துண்டுநூல் எழுதிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பிலடெல்பியாக்காரர். பீரையும் ஒயினையும் அவர் அவ்வளவாக எதிர்க்கவில்லை என்பது சுவையான விஷயம். 1876 நூற்றாண்டுக் கண்காட்சியில் ரூட் பீரை மதுவுக்கு மாற்றாக விற்ற சார்லஸ் ஹயர்ஸ் இதே ஊர் மருந்துக்கடைக்காரர். பெயரில் பீர் இருக்கிறதே என்று 1890களில் மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள் அவரையே எதிர்த்தது தனிக் கூத்து. ஆற்றைத் தாண்டி நியூஜெர்சிக்குள் போனால் வைன்லாண்ட். 1869இல் பல்மருத்துவர் தாமஸ் வெல்ச், தேவாலய நற்கருணைக்காகப் புளிக்காத திராட்சைச் சாறு தயாரித்த ஊர். வடக்கே பாட்ஸ்வில்லில் யூங்லிங் பீர் ஆலை மதுவிலக்குக் காலத்தில் ஐஸ்கிரீம் விற்றுப் பிழைத்தது. மருத்துவர் சீட்டோடு விஸ்கி கொடுத்த மருந்துக்கடைகள், மதச் சடங்குக்கான ஒயின் விலக்கு பெற்ற தேவாலயங்களும் யூதக் கோயில்களும் வேற இருக்கின்றன. ஐஸ்கிரீம் கடையும் மருந்துக்கடையும் கூட்டாளியானால் குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் கிடைக்கும்.

ஃபேர்மவுண்ட் பூங்காவில் கத்தோலிக்க மதுவிலக்குச் சங்கம் எழுப்பிய பெரிய நீரூற்று இருக்கிறது. பெயின்பிரிட்ஜ் தெருவில் கவிஞர் ஃபிரான்சஸ் ஹார்ப்பர் வாழ்ந்த வீடு இருக்கிறது. அடிமைமுறையை எதிர்த்த கறுப்பினப் பெண். மதுவிலக்குச் சங்கத்தில் கறுப்பின மக்களிடையேயான பணிக்குத் தலைமை தாங்கியவர். மதுவிலக்கு என்றால் வெள்ளைக்காரக் கிராமத்து முசுடுகளின் வேலை என்ற படத்தை இந்த ஒரு வீடே கலைத்துவிடும். இதில் யாரும் எதையும் விற்க முடியாது, அதனால் எந்தத் தள்ளுபடிச் சீட்டிலும் இது வராது. வழி எழுதி ஒரு வரைபடம் அச்சடித்துக் கொடுக்க அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு செலவாகும்?

பிலடெல்பியா பக்கம் இருக்கிற நண்பர்கள் அடுத்த டிசம்பர் 5ஆம் தேதி விருந்துக்குத் தாராளமாகப் போங்க. போகும் வழியில் அந்த வீட்டையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்க.