முதலில் யாரை, பிறகு என்ன

ஆன்லைன் ஆர்பிஜி விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது கதையைப் பேசுவோம், ஓவியத்தைப் பேசுவோம், இசையைக்கூடப் பேசுவோம். கையைப் பேசுவதில்லை. எதிரியை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம், நடக்க எதை அழுத்துகிறோம் என்பதெல்லாம் கார் ஓட்டுகிறவன் கிளட்சைப் பற்றிப் பேசுவதுபோல அற்பமாகத் தோன்றும். பேசினாலும் ஒரே தீர்ப்புதான்: டேப் கீயை அழுத்திக் குறி தேர்ந்தெடுப்பது பழசு, துப்பாக்கி விளையாட்டுபோல் குறிவட்டத்தால் குறிவைப்பது புதுசு, ஆகவே மேல். பல வருஷம் நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. காரணம் என் மாமா.

மாமாதான் எனக்கு இந்த உலகத்தைக் காட்டியவர். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பட்டர்வொர்த்தில் ஒரு சைபர் கஃபேயில் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு ரக்னரோக் விளையாடுவார். கொரியாவில் 2002-இல் வந்த விளையாட்டு. தரையில் கிளிக் செய்தால் ஆள் அங்கே நடப்பான், பூதத்தின் மேல் கிளிக் செய்தால் போய் அடிப்பான். தரையே கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கை போதும். இன்னொரு கையில் மாமா மைலோ ஐஸ் வைத்திருப்பார்.

பிறகு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004-இல் வெளிவந்தாலும் எங்கள் வீட்டுக்குள் வர ஆறேழு வருஷம் ஆனது. டேப் அழுத்தினால் எதிரில் நிற்பவர்களில் ஒருவன் தேர்வாவான், அவன் காலடியில் ஒரு வட்டம் விழும். அதற்குப் பிறகு எண் கீயை அழுத்தினால் மந்திரம் அவனைத் தேடிப் போகும். பட்டதா, தவறியதா என்பதைச் சேவையகம் கணக்குப் போட்டுச் சொல்லும். பெரும்பாலான திறன்களுக்கு இடையில் ஒன்றரை வினாடி பொறுக்க வேண்டும். நாங்கள் இணைந்திருந்தது அமெரிக்கச் சேவையகம், இங்கிருந்து போய்வரவே கால் வினாடி. ஆனாலும் ஆட்டம் ஓடியது. அந்த ஒன்றரை வினாடிக்குள் எங்கள் தாமதம் ஒளிந்துகொண்டது.

நான் இப்போது மின் துணைநிலையங்களின் தொலைக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். அங்கே டிஎன்பி3 என்ற நெறிமுறையில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக்கரைத் திறக்க ஒரே கட்டளை போதாது. முதல் கட்டளை அதைத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பக்கத்திலிருந்து ‘ஆமாம், இதுதான்’ என்று பதில் வரும். இரண்டாவது கட்டளைதான் இயக்கும். தூரத்தில் இருப்பவன், நடுவே கம்பியை நம்ப முடியாதவன், தப்பான சாமானைத் தொட்டுவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பயிற்சியில் இதைக் கேட்டபோது எனக்கு டேப் கீதான் ஞாபகம் வந்தது. இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லவில்லை, சிரிப்பார்.

இன்னொன்றும் தோன்றியது. ‘ஓநாயை அடி’ என்கிறோம். யாரை என்பது முதலில், என்ன செய்வது என்பது கடைசியில். இரண்டாம் வேற்றுமை உருபை ஒட்டிவிட்டு வினையை நிறுத்தி நிதானமாகச் சொல்லலாம். டேப் குறி அந்த ‘ஐ’தான். குறிவட்ட விளையாட்டுகளில் வினை முந்திவிடுகிறது. முதலில் வாளை வீசிவிடுகிறோம், யார்மேல் பட்டது என்பது பிறகு தெரிகிறது.

2009-இல் பிறையில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் இயந்திரம் மாமாவின் இடது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் எடுத்துக்கொண்டது. சொக்சோ பணத்தில் வாங்கிய மடிக்கணினியில்தான் நாங்கள் வார்கிராஃப்ட் விளையாடினோம். கீபோர்டில் நடக்கிறவனுக்கு டபிள்யூவில் இருப்பது நடுவிரல், ஏயில் இருப்பது மோதிர விரல். சரியாக அந்த இரண்டும் இல்லை. மாமா மவுசின் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி நடந்தார், அந்த விளையாட்டு அதற்கும் இடம் வைத்திருந்தது. மீந்த ஆள்காட்டி விரல் டேபுக்கும் எண்களுக்கும். ஹீலராக ஆடினார். காயம்பட்டவன் உடம்பைத் தேட வேண்டியதில்லை, திரையின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் பெயர்ப் பட்டைகளில் அவன் பெயரைக் கிளிக் செய்தால் போதும். எங்கள் குழுவில் அவர் கை அப்படி இருப்பது யாருக்கும் தெரியாது. நல்ல ஹீலர் என்று மட்டும் தெரியும்.

2012-இல் டெரா வந்தது. குழுவே அங்கே மாறியது. திரை நடுவில் குறிவட்டம், மவுசை அசைத்தால் பார்வையும் கூடவே திரும்பும், எங்கே பார்க்கிறாயோ அங்கேதான் அடி விழும். ஹீலரும் ஓடிக்கொண்டே நண்பர்கள்மேல் குறிவட்டத்தை இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் மந்திரத்தை விட வேண்டும். மாமா இரண்டு வாரம் முயற்சி செய்தார். பின்னால் நகர வேண்டிய நேரத்தில் திரும்பி நிற்பார். செத்துப்போவார், கூடவே நாங்களும். படிவம் மூன்று படிக்கும் பையனுக்கு உரிய இரக்கத்தோடு, எல்லார் காதிலும் விழும்படி, “மாமா, நீங்க ரொம்ப நூப் லா” என்றேன். மைக்கில் யாரோ சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். “நீ போயி வெளாடு, நான் பழையதுலயே இருக்கேன்” என்றார்.

இதை வைத்து டெரா கெட்ட விளையாட்டு என்று எழுதினால் அது விமர்சனம் ஆகாது. டெராவில்தான் நான் முதன்முதலில் ஒரு பூதத்தின் தோளைப் பார்த்தேன். தோள் தாழ்ந்தால் கை வரும், உருள வேண்டும். வார்கிராஃப்டில் பூதத்தை யார் பார்த்தார்கள்? மாமா வருஷக்கணக்காகப் பார்த்தது பச்சைப் பட்டைகளை. பிரமாண்டமான டிராகனோடு சண்டை போட்டுவிட்டு அதன் நிறம் கேட்டால் தெரியாது என்பார். டேப் முறையின் உண்மையான குறை இதுதான், வேகம் அல்ல. பெயர் தெரிந்துவிட்டால் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாமல் போகிறது.

ஆனால் குறிவட்டம் எதைச் சோதிக்கிறது? பாத்திரமேற்பு விளையாட்டில் வில்லாளி என் பாத்திரம், நான் அல்ல. அவளுடைய குறி தவறுமா என்பதை அவளுடைய திறன் புள்ளிகளும் பகடையும் தீர்மானிக்க வேண்டும். குறிவட்டம் அவளை நகர்த்திவிட்டு என் மணிக்கட்டை, என் இணையக் கம்பியை, என் வயதை உள்ளே இழுக்கிறது. அது வேறொரு நல்ல விளையாட்டாக இருக்கலாம். அதையே முன்னேற்றம் என்று சொல்லும்போதுதான் எனக்கு உடன்பாடு இல்லை. முன்னேற்றம் என்றால் பின்தங்கியவர் மீது பழி வந்துவிடும். நான் மாமா மீது போட்ட மாதிரி.

அதே 2012-இல் வந்த கில்ட் வார்ஸ் 2 இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தது என்பேன். குறி வைத்தும் அடிக்கலாம், வைக்காமலும் அடிக்கலாம், பெரும்பாலான திறன்களை நடந்துகொண்டே பயன்படுத்தலாம். குறிவட்டப் பார்வையைப் பின்னால் 2015-இல் ஒரு விருப்பத் தேர்வாகச் சேர்த்தார்கள், கட்டாயமாக அல்ல. மாமாவுக்கு நான் இதைக் காட்டியதே இல்லை. அப்போது நாங்கள் விளையாட்டைப் பற்றிப் பேசுவது நின்றுபோயிருந்தது.

டெராவின் கணினிப் பதிப்பை 2022 ஜூனில் மூடிவிட்டார்கள். அதே வருஷக் கடைசியில் வார்கிராஃப்ட் பழைய கட்டுப்பாடுகளுக்குப் பக்கத்தில் இரண்டு புது வசதிகளை வைத்தது. எதிரில் இருப்பவனைத் தானாகவே குறியாக்கிக்கொள்வது ஒன்று. ஆளோடு பேச, பிணத்தில் பொருள் எடுக்க, எல்லாவற்றுக்கும் ஒரே கீ என்பது இன்னொன்று.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது இரண்டையும் மாமாவின் கணினியில் நானே போட்டுக்கொடுத்தேன். ஒற்றைக் கீ அவருக்குப் பிடித்துவிட்டது, அதைச் சுண்டுவிரலுக்குக் கொடுத்தார். தானியங்கிக் குறியை அரைமணி நேரத்தில் அணைத்துவிட்டார். “அதுவா ஒருத்தனப் புடிக்குதுடா, எனக்கு வேணாம்” என்றார். திரையில் மூன்று ஓநாய்கள். டேபை ஒரு தட்டு, இன்னொரு தட்டு. மூன்றாவதுதான் அவருக்கு வேண்டியது.