பெட்ரோலுக்கு எந்த ஊர்?

அரிசி வாங்கினால் எந்த ஊர் அரிசி என்று கேட்கிறோம். காப்பிக்கொட்டைக்கும் கேட்கிறோம். பெட்ரோல் பங்க்கில் மட்டும் மீட்டரில் ஜீரோவைப் பார்ப்பதோடு சரி. 'இது எந்த ஊர் எண்ணெய்ப்பா?' என்று கேட்டால் பையன் உங்களை ஒரு மாதிரி பார்ப்பான்.

இந்தக் கேள்வியைக் கேட்க வைக்கும் புத்தகம் டேனியல் யெர்கின் எழுதிய 'தி ப்ரைஸ்'. 1992-ல் புலிட்ஸர் பரிசு வாங்கியது. தலையணை சைஸ். பயப்படாதீர்கள், துப்பறியும் நாவல் வேகத்தில் ஓடுகிறது. 1859-ல் பென்சில்வேனியாவில் துளை போட்ட 'கர்னல்' டிரேக்கிலிருந்து (அவர் கர்னலே இல்லை, ஊரில் மரியாதை கிடைக்க ஒட்டவைத்த பட்டம்) 1990-ல் சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தது வரை.

புத்தகத்தின் சிறந்த பகுதிகளில் ஒன்று சர்ச்சில் பற்றியது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வேல்ஸ் நிலக்கரியில் ஓடிக்கொண்டிருந்தன. எண்ணெய்க்கு மாறினால் வேகம் கூடும். ஆனால் நிலக்கரி உள்ளூர் சரக்கு, எண்ணெய் பாரசீகத்தில். துணிந்து மாறினார். 1914-ல் ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனியில் 51 சதவிகிதத்தை அரசே வாங்கியது. முந்தைய வருஷமே பார்லிமென்ட்டில் அவர் சொன்ன யோசனை: ஒரே நாட்டை, ஒரே பாதையை நம்பாதே, பல இடத்தில் வாங்கு. ஜப்பான் அப்படிச் செய்யவில்லை. எண்ணெயில் சுமார் 80 சதவிகிதம் அமெரிக்காவிலிருந்து. 1941-ல் அமெரிக்கா குழாயை மூடியது. அந்த வருஷக் கடைசியில் பேர்ல் ஹார்பர்.

எல்லாம் சரி. என் புகார் ஒன்றுதான். யெர்கின் கதையைத் தோண்டுகிறவன், விற்கிறவன், சண்டை போடுகிறவன் பக்கம் நின்றே சொல்கிறார். கப்பற்படை அனுப்ப வசதியில்லாமல் காசு கொடுத்து வாங்குகிறவன் ஓரமாகத்தான் வருகிறான். அவர்களுக்கு எண்ணெய் 'பரிசு'. நமக்கு அது மாச பில்.

நம் பில்லைப் பாருங்கள். அஸ்ஸாமில் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலை 1901-லேயே வந்துவிட்டது. 1974-ல் பம்பாய் ஹையில் எண்ணெய் கிடைத்தது. இருந்தும் நம் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவிகிதத்துக்கு மேல் இறக்குமதி. பல இடத்தில் வாங்கு என்ற சர்ச்சில் யோசனையை நாமும் கடைப்பிடித்தோம். ஈராக், சவூதி, நைஜீரியா, அமெரிக்கா என்று வாங்காத கடையில்லை. ஆனால் எந்தக் கடைக்குப் போகலாம் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள்.

சென்னைக்குப் பக்கத்தில் மணலி ஆலை 1965-ல் கம்பெனியாகத் தொடங்கியபோதே ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனி அதில் பங்குதாரர். 2019 மே மாதம், அமெரிக்கத் தடைக்குப் பயந்து இந்தியா ஈரானிடம் வாங்குவதை நிறுத்தியது. பங்காளி வீட்டுச் சரக்கு, தொட முடியவில்லை. 2022-ல் உக்ரைன் போர் வந்தது. அதற்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவிகிதம்கூட இல்லாத ரஷ்ய எண்ணெய், தள்ளுபடி விலையில் கிடைத்ததால் 2023-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் அதற்குத் தண்டனையாக அமெரிக்கா நம் ஏற்றுமதிக்குக் கூடுதலாக 25 சதவிகித வரி போட்டது. அடி விழுந்தவர்களில் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் உண்டு. எண்ணெய் வாங்கியது யார், அமெரிக்க ஆர்டர் ரத்தாகிறதே என்று தவித்தது யார், பாருங்கள்.

சர்ச்சிலின் யோசனையில் சொல்லாமல் விட்ட ஒரு ஷரத்து இருக்கிறது: பல இடத்தில் வாங்க, பல பேரிடம் பகையில்லாமல் இருக்க வேண்டும், அவர்களுக்குள்ளும் பகை இருக்கக்கூடாது. முதலாவது நம் கையில். இரண்டாவது இல்லை.

புத்தகத்தை அவசியம் படியுங்கள். சாம்ராஜ்யங்கள் எண்ணெய்க்கு அலைந்த கதையை இதைவிட நன்றாகச் சொன்ன புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை. சாம்ராஜ்யம் இல்லாதவன் என்ன செய்வது என்பதை மட்டும், படித்து முடித்தபின் நாம்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.