மேன்டிலும் செந்திலின் கேள்வியும்

திருமழபாடியில் சொந்தக்காரர் வீட்டுப் பரணில் கொஞ்சமும் எதிர்பார்க்காமல் ஒரு பெட்ரோமாக்ஸ் லைட்டு கிடைத்தது. அதுவரை எனக்கு அது 'வைதேகி காத்திருந்தாள்' (1984) காமெடியில் வர்ற சாமான், அவ்வளவுதான். இறக்கி வைத்த அதிர்விலேயே உள்ளே தொங்கிய பழைய மேன்டில் பொடிப்பொடியானது.

மேன்டில் என்பது உப்புக்கரைசலில் ஊறிய நூல்வலை. முதல்முறை கொளுத்தியதுமே நூல் எரிந்துவிடும். மிஞ்சும் சாம்பல்கூடுதான் மண்ணெண்ணெய் ஆவி எரியும் சூட்டில் வெள்ளையாக ஒளிரும்.

படத்தில் செந்தில் கசக்குவது அதைத்தான். இத்துனூண்டு வலை எப்படி வெளிச்சம் தரும் என்ற அவர் சந்தேகம் அசட்டுத்தனமே இல்லை; நல்ல அறிவியல் கேள்வி. கவுண்டமணி மேன்டிலைக் காட்டிப் பெருமைப்படுகிறார். தொட்டால் உதிரும்னு சொல்வதில்லை. தொழிலை மூடிவைக்கும் குரு, தொட்டுப் பார்த்தே கற்கும் சீடன்: நகைச்சுவை அங்கேதான் பிறக்கிறது. ஆனால் திட்டு வாங்குவது என்னவோ கேள்வி கேட்டவன். நம் சிரிப்பும் திட்டுபவர் பக்கமே நிற்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.