தன் வேடத்தைப் பிறர்க்கு ஈந்தவர்: கார்ல் றெய்னரின் தொலைக்காட்சிப் பணி பற்றிய ஒரு நோக்கு

தொலைக்காட்சி நகைச்சுவையை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளத் தயங்கும் மனப்பாங்கு நம்மிடையே உண்டு. அத்துறைக் கலைஞரைப் பற்றி எழுதுவோரும் ‘பல்துறை விற்பன்னர்’ என்னும் பாராட்டுடன் அமைந்துவிடுவர். ஒருவர் எழுதினார், தயாரித்தார், நடித்தார் என அடுக்கிச் செல்வது விமர்சனமாகாது. அவ்வாற்றல்கள் ஒன்றையொன்று எவ்வாறு வளர்த்தன, எவ்வாறு கட்டுப்படுத்தின என்பதே கேட்கப்படவேண்டிய வினா. அமெரிக்கக் கலைஞரான கார்ல் றெய்னரின் (1922–2020) பணி அவ்வினாவுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

நியூ யோர்க் நகரின் பிறொங்ஸ் பகுதியில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர் றெய்னர். 1950 முதல் 1954 வரை ஒளிபரப்பான ‘யுவர் ஷோ ஒவ் ஷோஸ்’ நிகழ்ச்சியில் சிட் சீசருக்குத் துணைநடிகராக விளங்கினார். எழுத்தாளர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. ஆயினும் மெல் புறூக்ஸ் முதலானோர் கூடிய எழுத்தாளர் அறையில் அவரும் அமர்ந்து பங்குகொண்டார். அவரது பிற்காலப் படைப்புக்கு மூலவளமாயமைந்தது அவ்வறையே.

அவ்வனுபவத்தைக் கொண்டு ‘ஹெட் ஒவ் த ஃபமிலி’ என்னும் தொடருக்குப் பதின்மூன்று பிரதிகளை அவர் தனியே எழுதினார். தொலைக்காட்சி எழுத்தாளனான றொப் பெற்றி என்னும் நாயகனாகத் தாமே நடித்தார். 1960 இல் முன்னோட்ட நாடகம் ஒளிபரப்பாகியும் தொடர் உருவாகவில்லை. குறை எழுத்தில் இல்லை, நடிகர் தேர்விலேயே உள்ளது என்பது தயாரிப்பாளர் ஷெல்டன் லெனார்டின் கருத்து. றெய்னர் அதனை ஏற்றார். நாயகன் வேடம் டிக் வான் டைக்குக்குச் சென்றது. ‘த டிக் வான் டைக் ஷோ’ 1961 முதல் 1966 வரை 158 அங்கங்களாக வெளிவந்தது. றெய்னர் அதன் தயாரிப்பாளராகவும் முதன்மை எழுத்தாளராகவும் விளங்கினார்.

தம் வாழ்வைத் தாமே எழுதிய ஒருவர், அவ்வாழ்வை நடிக்கும் உரிமையைப் பிறரிடம் ஒப்படைத்தமை ஈண்டு மனங்கொளத்தக்கது. றெய்னரின் நடிப்பு கூரிய பேச்சிலே தங்கியிருந்தது; வான் டைக்கோ உடலசைவால் நகைச்சுவை விளைத்தவர். உரையாடலைச் சார்ந்திருந்த பிரதிக்கு இவ்வாறு உடலும் கிடைத்தது. நடிகன் விலகியதால் எழுத்தாளன் உயர்ந்தான் எனலாம்.

எனினும் இம்மாற்றத்தைக் கலைவெற்றியாக மட்டும் காண்பது முழுமையான நோக்காகாது. றெய்னர் வாழ்ந்த நியூ றோஷெல் நகரிலேயே றொப் பெற்றியும் வாழ்கிறான். அவர் தொழிலையே செய்கிறான். ஆனால் பிறொங்ஸ் யூதரின் அனுபவம், இலினோய் மாநிலத்தின் டான்வில்லிலிருந்து வந்த ஒருவனின் அனுபவமாகிவிட்டது. யூத அடையாளமோ துணைப்பாத்திரமான படியிடம் ஒதுங்கியது. அவன் உரிய வயதிற் செய்யத் தவறிய யூதச் சமயச் சடங்கை முதிர்ந்த பின் நிறைவேற்றும் அங்கம் 1966 இல், தொடர் முடிவுறும் ஆண்டிலேயே வந்தது. பெருந்தொகையினரான பார்வையாளரை வேண்டி நிற்கும் வணிகத் தொலைக்காட்சியில், சிறுபான்மையினன் ஒருவனின் வாழ்க்கை ‘பொதுவானது’ என ஏற்கப்படுவதற்கு அதன் தனி அடையாளம் விலையாக வேண்டியிருந்தது என்பதே இதனாற் பெறப்படும் உண்மை. தொடரின் மென்மையான நகைச்சுவையைச் சுவைக்கும்போதும் இவ்விலையை மறத்தல் ஆகாது.

றெய்னர் தமக்கென வைத்துக்கொண்ட வேடமும் நோக்கற்பாலது. றொப் பணிபுரியும் நிகழ்ச்சியின் நட்சத்திரமான அலன் பிறேடி, தற்பெருமையும் சினமும் மிக்கவன். தொடக்கத்தில் அவன் முகம் காட்டப்படவேயில்லை. 1965 இல் வந்த ஓர் அங்கத்தில், பிறேடி பொய்முடி அணிபவன் என்பதை றொப்பின் மனைவி லோறா தொலைக்காட்சியில் வாய்தவறி வெளியிட்டுவிடுகிறாள். அவள் மன்னிப்புக் கேட்கச் செல்லும்போது, அவன் தன் பொய்முடிகளை வரிசையாக வைத்து அவற்றுடன் பேசிக்கொண்டிருக்கிறான். இவ்வங்கத்தை எழுதியோர் பில் பேர்ஸ்கி, சாம் டெனொவ் என்போர். நாயகன் வேடத்தை முன்னரே ஈந்த றெய்னர், இங்கு பேனாவையும் பிறர்க்கு ஈந்து, அதிகாரத்தின் வழுக்கைத் தலையைத் தம் தலையிலேயே காட்டி நகைக்க வைக்கிறார்.

பல்துறை ஆற்றல் என்பது எல்லா இடத்தையும் தானே நிரப்பும் ஆசையன்று. எவ்விடத்தில் விலகவேண்டும் என்பதை அறியும் தெளிவும் அதில் அடங்கும். றெய்னரிடம் அத்தெளிவு இருந்தது. அவர் விலகிய இடங்களுள் எவை கலையின் தேவையால் விளைந்தவை, எவை சந்தையின் தேவையால் விளைந்தவை என்று பிரித்தறிவது விமர்சகனின் கடமையாகும்.