கராச்சிக்குப் போகாத படகு

கர்நாடகத்தின் கார்வாரில், ரவீந்திரநாத் தாகூர் கடற்கரையில் ஐ.என்.எஸ். சபல் என்ற ஏவுகணைப் படகைக் கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சபல் என்றால் வேகமானது, சுறுசுறுப்பானது. நாம் சொல்கிற 'சபலம்' கூட அதே வடமொழி வேரிலிருந்து வந்ததுதான்.

இந்தப் படகைப் பற்றிய பயணக் குறிப்புகள் பலவற்றில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: 1971 போரில் பாகிஸ்தானோடு மோதிய படகு இது என்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உண்மை கிடையாது. சபல் கடற்படையில் சேர்ந்ததே 1976-ல்தான்.

அப்படின்னா கராச்சிக்குப் போனது எது? 1971 டிசம்பர் 4 இரவு தாக்கியவை நிபத், நிர்காட், வீர் என்ற மூன்று படகுகள். டிசம்பர் 8 இரவு போனது வினாஷ். நான்குமே சோவியத் ஒன்றியத்திடம் வாங்கிய 'ஓசா' வகைப் படகுகள், அதிலும் முதல் வடிவம். சபல் இரண்டாம் வடிவம். போருக்குப் பிறகு வாங்கிய எட்டில் ஒன்று.

இதை நம்ப எந்த ஆவணத்தையும் புரட்ட வேண்டியதில்லை, படகைப் பார்த்தாலே போதும். முதல் வடிவத்தில் ஏவுகணைக் கூடுகள் நான்கும் பெரிய பெட்டி மாதிரி இருக்கும். இரண்டாம் வடிவத்தில் அவை உருண்டையான குழாய்கள். புதிய ஏவுகணையின் இறக்கைகள் மடங்கும் என்பதால் அந்தக் குழாய்க்குள்ளேயே அடங்கிவிடும். கார்வாரில் நிற்பது குழாய் வைத்த படகு. சாட்சி கண் முன்னாலேயே இருக்கு, நாமதான் பார்க்காமல் செல்ஃபி எடுத்துக்கொண்டு வருகிறோம்.

சரி, ஒரு சுற்றுலாத் தலத்தின் கதையில் சின்னப் பிழை, அதனால் என்ன என்று கேட்கலாம். டிசம்பர் 4 இரவு நிர்காட்டின் ஏவுகணைகள் பட்டு கைபர் என்ற பாகிஸ்தான் நாசகாரிக் கப்பல் மூழ்கியது. அதில் 200-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். அத்தனை உயிர்கள் போன இரவில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை இஷ்டத்துக்கு மாற்றி எழுதக் கூடாது. அது போனவர்களுக்கும் மரியாதை இல்லை, செத்தவர்களுக்கும் மரியாதை இல்லை.

இன்னொரு இழப்பு சபலுக்கே. கடன் வாங்கிய வீரக்கதையில் அதன் சொந்தக் கதை காணாமல் போகிறது. சுமார் 38 மீட்டர் நீளம்தான். அதற்குள் ஒவ்வொன்றும் 56 சிலிண்டர் கொண்ட மூன்று டீசல் இன்ஜின்கள், நான்கு ஏவுகணைகள், இரண்டு இரட்டைக் குழல் பீரங்கிகள், இவற்றுக்கு நடுவில் ஏறக்குறைய முப்பது பேர். இப்படி 2005 வரை, கிட்டத்தட்ட 29 வருஷம். கராச்சி மாதிரி ஓர் இரவு அதன் கணக்கில் இல்லை. தயாராக இருப்பதே அதன் வேலை. படைவீரர்களில் பெரும்பாலோரின் வாழ்க்கையும் அப்படிப்பட்டதுதானே?

சரிசெய்யப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. 1971 என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே 1976 என்ற எண்ணையும் பெரிதாக எழுதி, இரண்டு வகைப் படகுகளின் படங்களை அருகருகே மாட்டினால் போதும். படகில் ஏறும் பள்ளிப் பிள்ளைகள் மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.